வந்ததெல்லாம் மாவுக்குள்ளே: வெனிசுவேலா சாப்பாட்டில் எது சொந்தம்?

கேள்வி இது: "வெனிசுவேலாவின் பாரம்பரிய உணவு என்ன? அரேப்பாவைத் தவிர அவர்களுக்கென்று சொந்தமாக ஏதாவது இருக்கிறதா, இல்லை எல்லாமே ஸ்பெயின்காரர்கள் கொண்டுபோனதுதானா?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெனிசுவேலா அடுப்பில் வேகிறதில் பாதிக்கு மேல் கப்பலில் வந்து இறங்கியதுதான். மாடு, பன்றி, கோழி, அரிசி, வாழை, கரும்பு, ஆலிவ், உலர்திராட்சை எல்லாம் அந்த வகை. ஆனால் வந்ததையெல்லாம் அந்த மக்கள் எடுத்து மக்காச்சோள மாவுக்குள் வைத்து மூடிவிட்டார்கள். மாவு அவர்களுடையது, மூடும் விதமும் அவர்களுடையது. இதை மனதில் வைத்துக்கொண்டால் அந்த ஊர்ச் சாப்பாட்டில் முக்கால்வாசி புரிந்துவிடும். (இனி வெறும் சோளம் என்று எழுதினாலும் மக்காச்சோளம்தான். நம் ஊர் வெள்ளைச் சோளம் வேறு.)

எனக்கு இதில் பழக்கம் வந்த கதை ஒரு வரியில்: ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில் சில வருடம் குடியிருந்தேன். அங்கே வெனிசுவேலாக்காரர்கள் அவ்வளவு பேர், ஊரையே விளையாட்டாக 'கேட்டிசுவேலா' என்பார்கள். 2002 டிசம்பரில் தொடங்கிய எண்ணெய்த் துறை வேலைநிறுத்தம் முடிந்ததும் ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் வேலை இழந்தார்கள். எண்ணெய் வேலை தெரிந்தவர்களுக்கு ஹூஸ்டனை விட்டால் வேறு எங்கே போவது? என் பக்கத்து வீட்டில் மாராக்காய்போ நகரத்திலிருந்து வந்த குடும்பம். அந்த வீட்டு அம்மா என்னை 'மிஹோ' என்றுதான் கூப்பிடுவார். 'என் பிள்ளை' என்று அர்த்தம். அவர் சமையலறையில் நின்று பார்த்ததும் தின்றதும்தான் என் படிப்பு. மற்றதெல்லாம் அப்புறம் வாசித்தது.

சரி, அரேப்பாவிலிருந்தே ஆரம்பிப்போம். உள்ளங்கை அகலம், ஒரு விரல் தடிமன், வெளியே மொறுமொறுப்பு, உள்ளே ஆவி பறக்கும் மாவு. நடுவில் கீறித் திறந்து எதையாவது அடைத்துத் தின்பார்கள். பெயர், கிழக்குக் கடற்கரையில் வாழ்ந்த குமனகோத்தோ பழங்குடியினர் சோளத்தைக் குறித்த 'எரெப்பா' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது பரவலான விளக்கம். சுடுகிற கல்லுக்குப் பெயர் 'புதாரே'. ஆதியில் மண் ஓடு, இன்று இரும்பு. தோசைக்கல் போலவேதான் இருக்கும். எண்ணெய் அவ்வளவு தேவையில்லை. 16ஆம் நூற்றாண்டிலேயே கலியோத்தோ செய் என்ற பிளாரன்ஸ் நகரத்து வணிகர் அந்தப் பக்கம் சுற்றிவிட்டு, இவர்கள் சோளத்தை அரைத்துத் தட்டையாகச் சுட்டுத் தின்கிறார்கள், அதன் பெயர் அரேப்பா என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆக ஸ்பெயின்காரர்கள் வந்தபோது அது கல்லில் வெந்துகொண்டிருந்தது.

கொலம்பியாக்காரர்களும் அரேப்பா எங்களுடையது என்பார்கள். இந்தச் சண்டையில் நான் தலையிடமாட்டேன். இன்றைய நாட்டு எல்லைகள் வரையப்படுவதற்கு வெகுகாலம் முன்பே இருபுறமும் இருந்த பண்டம் அது. ஒரு வித்தியாசம் மட்டும் கண்ணில் படும்: கொலம்பியாவில் பெரும்பாலும் மெல்லிசாகச் சுட்டு வெண்ணெயோ சீஸோ மேலே வைப்பார்கள், அல்லது சாப்பாட்டுக்குத் துணையாகத் தொட்டுக்கொள்வார்கள். வெனிசுவேலாவில் உள்ளே அடைப்பார்கள். அந்த 'உள்ளே' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இப்போது கடையில் மாவு வாங்கித் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து பத்து நிமிடத்தில் கல்லில் போட்டுவிடுகிறார்கள். அறுபது எழுபது வருடம் முன்பு அப்படி இல்லை. காய்ந்த சோளத்தை 'பிலோன்' எனப்படும் பெரிய மர உரலில் போட்டு உலக்கையால் குத்த வேண்டும். இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றிக் குத்துவார்கள், பாட்டும் உண்டு. தோலும் முளைக்கருவும் விட்டபின் புடைத்து, கழுவி, வேகவைத்து, ஆறவைத்து, அரைத்து, அப்புறம்தான் மாவு. காலைச் சாப்பாட்டுக்கு முந்தின நாளே வேலை தொடங்கிவிடும். மெக்சிகோவில் செய்வதுபோல் சுண்ணாம்பு நீரில் சோளத்தை வேகவைக்கும் வழக்கம் இங்கே பொதுவாகக் கிடையாது. மேற்கே ஃபால்கோன், லாரா பக்கம் மட்டும் சுண்ணாம்போ சாம்பலோ போட்டுத் தோலை உரிக்கிறார்கள். அதற்கு 'அரேப்பா பெலாதா', உரித்த அரேப்பா என்றே பெயர். லேசான மண் வாசனை அடிக்கும். எனக்குப் பிடித்தது அதுதான்.

இந்த உரல் வேலைக்கு முடிவு கட்டியவர் லூயிஸ் கபயேரோ மெஹியாஸ் என்ற பொறியாளர். சோளத்தை வேகவைத்து உலர்த்தி மாவாக்கும் முறைக்கு 1954இல் காப்புரிமை பெற்றார். 1960 டிசம்பரில் போலார் என்ற பீர் நிறுவனம் அந்த வகை மாவைப் பாக்கெட்டில் போட்டு 'ஹரினா பான்' என்ற பெயரில் இறக்கியது. பீர் கம்பெனிக்கு மாவில் என்ன வேலை என்று தோன்றும். பீர் காய்ச்சச் சோளக்குருணை வாங்கிப் பக்குவப்படுத்திப் பழகியவர்கள் அவர்கள், அதனால் சோளம் புதிதில்லை. விளம்பர வாசகம் 'உரல் குத்துவது முடிந்தது!' என்பதுதான். மஞ்சள் பாக்கெட், தலையில் புள்ளி போட்ட துணி கட்டிய பெண் படம். இன்றைக்கு உலகத்தில் எந்த மூலையில் இருக்கும் வெனிசுவேலாக்காரருக்கும் அந்தப் பாக்கெட்டைப் பார்த்தால் முகம் மலரும். பழைய ஆட்கள் "உரல் மாவின் ருசி வராது" என்பார்கள். உண்மைதான், வராது. ஆனால் அந்த ருசிக்காக விடியுமுன் உலக்கை பிடித்தது யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மாவு பாக்கெட்டில் வந்தபின் கற்பனை முழுக்க உள்ளே வைப்பதில் இறங்கியது. அரேப்பா விற்கும் கடைக்கு 'அரேப்பேரா' என்று பெயர். அங்கே போனால் ஒவ்வொரு அடைப்புக்கும் ஒரு பட்டப்பெயர். கறுப்பு பீன்ஸும் வெள்ளைச் சீஸும் வைத்தால் 'தோமினோ', கறுப்பும் வெள்ளையுமாகத் தோமினோ விளையாட்டுக் காய் போல இருப்பதால். உதிர்த்த மாட்டிறைச்சியும் மஞ்சள் சீஸும் என்றால் 'பெலூவா', 'முடி நிறைந்தவள்'. இழை இழையாகத் தொங்குமே, அதனால். கோழியும் மஞ்சள் சீஸும் 'கத்தீரா', பொன்னிறக் கூந்தல்காரி. உள்ளே ஒன்றுமே வைக்காத வெறும் அரேப்பா? அது 'வியூதா', விதவை. இந்தப் பெயர் எனக்கு நெருடல்தான், ஆனாலும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

பெயர்களில் அரசி ஒருத்தி இருக்கிறாள்: 'ரெய்னா பெப்பியாதா'. கோழி, அவகாடோ, மயோனைஸ் மூன்றையும் பிசைந்து வைப்பது. 1955இல் சுசானா துயிம் என்ற வெனிசுவேலாப் பெண் உலக அழகிப் பட்டம் வென்றார். லத்தீன் அமெரிக்காவிலிருந்து அதை முதலில் வென்றவர் அவர்தான். தலைநகர் கராக்கஸில் அரேப்பா கடை வைத்திருந்த அல்வாரெஸ் சகோதரர்கள் அவர் பெயரில் இதைச் செய்தார்கள். 'பெப்பியாதா' என்பது அந்தக் காலப் பேச்சில் வளைவு நெளிவான உடல்வாகைச் சொல்லும் சொல். ஆக, 'வாகான உடல்கட்டு கொண்ட அரசி'. அழகிப் போட்டிப் பைத்தியம் பிடித்த ஒரு நாட்டில் அதற்குச் சிலை வைக்காமல் அரேப்பா வைத்திருக்கிறார்கள்.

பிழைப்பைக் கூட அரேப்பாவால்தான் சொல்வார்கள். 'வேலைக்குப் போகிறேன், அரேப்பா சம்பாதிக்க வேண்டும்' என்பது அன்றாடப் பேச்சு.

அரேப்பாவுக்கு ஒரு மூத்த உறவு உண்டு, அதை வெளியாட்கள் கவனிப்பதில்லை: 'கசாபே'. மரவள்ளிக் கிழங்கு அப்பளம் என்று சொல்லலாம், ஆனால் வண்டிச் சக்கரம் போலப் பெரிதாக இருக்கும். இதில் எடுப்பது கசப்பு மரவள்ளி. அப்படியே தின்றால் ஆளைக் கொல்லும், உள்ளே சயனைடு உருவாகும். கிழங்கைத் துருவி, 'செபுகான்' என்ற பின்னல் குழாய்க்குள் திணிப்பார்கள். ஓலையில் பின்னிய, ஆள் உயரத்துக்கு மேல் நீளும் பாம்புச் சட்டை போன்ற பை அது. மேல் நுனியை உத்திரத்தில் மாட்டி, கீழ் நுனியில் கம்பு செருகி அதன்மேல் உட்காருவார்கள். பை நீள நீள உள்வயிறு சுருங்கி விஷச்சாறு சொட்டும். பிழிந்த மாவைச் சலித்து, பெரிய புதாரேயில் பரப்பிச் சுட்டு, வெயிலில் காயவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. ஸ்பெயின்காரர்கள் கண்டத்துக்குள் படையெடுத்துப் போனபோது கையில் கட்டுச்சோறாக எடுத்துப் போனது இதைத்தான். தோற்கடிக்கப்பட்டவர்களின் ரொட்டியைத் தின்றுதான் தோற்கடித்தார்கள்.

அந்த விஷச்சாற்றையும் வீணாக்குவதில்லை. 'யாரே' என்று பெயர். நெடுநேரம் கொதித்தால் நஞ்சு ஆவியாகிப் போய்விடும். அமேசான் பக்கத்துப் பழங்குடி வீடுகளில் அந்தக் குழம்பில் மிளகாயும், இலைவெட்டி எறும்புகளின் பருத்த பின்பாகமும் போட்டு ஒரு காரச் சாறு செய்கிறார்கள். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ இந்தக் கசாபே செய்யும் அறிவை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. கியூபா, டொமினிக்கன் குடியரசு, ஹைட்டி, ஹோண்டுராஸ், வெனிசுவேலா ஐந்தும் சேர்ந்து கேட்டு வாங்கிய அங்கீகாரம்.

இப்போது 'தேசிய உணவு' என்று எல்லாப் பட்டியலிலும் வரும் 'பபெயோன் கிரியோயோ'வுக்கு வருவோம். ஒரு தட்டில் நான்கு: இழை இழையாகப் பிய்த்து வதக்கிய மாட்டிறைச்சி, கறுப்பு பீன்ஸ், வெள்ளைச் சோறு, பொரித்த பழுத்த வாழைத் துண்டுகள். மேலே பொரித்த முட்டை வைத்தால் 'குதிரை மேல்' என்பார்கள். வாழைத் துண்டுகளைத் தட்டின் ஓரத்தில் அணைபோல நிறுத்தினால் 'கைப்பிடிச் சுவருடன்'. பீன்ஸுக்குச் சர்க்கரை போடலாமா கூடாதா என்று குடும்பங்களுக்குள்ளேயே அடிதடி நடக்கும். என் பக்கத்து வீட்டில் கணவர் சர்க்கரைக் கட்சி, மனைவி எதிர்க்கட்சி. மேசையில் சர்க்கரைக் கிண்ணம் தனியாக இருக்கும்.

இந்தத் தட்டைப் பற்றி ஒரு அழகான கதை சொல்வார்கள்: வெள்ளைச் சோறு ஐரோப்பியர், கறுப்பு பீன்ஸ் ஆப்பிரிக்கர், பழுப்பு இறைச்சி பழங்குடியினர், மூவரும் ஒரே தட்டில் கலந்த நாடு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் செடியையும் மாட்டையும் விசாரித்தால் கதை தலைகீழாகிறது. ஆப்பிரிக்கர் என்று சொல்லும் கறுப்பு பீன்ஸ்தான் இந்தத் தட்டில் அமெரிக்கக் கண்டத்துக்கே சொந்தமானது. பழங்குடியினர் என்று சொல்லும் மாடு ஸ்பெயினிலிருந்து கப்பலில் வந்தது. ஐரோப்பியர் என்று சொல்லும் அரிசி ஆசியாவில் பிறந்தது. வாழையும் ஆசியாவில் பிறந்து, ஆப்பிரிக்கா வழியாக மேற்கே போனது. 1516இல் தோமாஸ் தெ பெர்லாங்கா என்ற பாதிரியார் கேனரித் தீவுகளிலிருந்து வாழைக் கன்றுகளைக் கரீபியனுக்குக் கொண்டுபோனதாகப் பழைய பதிவு சொல்கிறது. நிறத்தை வைத்துச் சொந்தம் கொண்டாடினால் இப்படித்தான் மாட்டிக்கொள்ள வேண்டும். அந்தத் தட்டில் ஆப்பிரிக்கர்களின் பங்கு பெரியது, ஆனால் அது பீன்ஸின் நிறத்தில் இல்லை. அந்தக் காலத்தில் அந்த அடுப்பில் நின்ற கைகளில் பல அவர்களுடையவை.

அந்தக் கைகள் எப்படி வந்தன என்பதற்குக் கொக்கோ பக்கம் போக வேண்டும். எண்ணெய் கிடைப்பதற்கு இரண்டு நூற்றாண்டு முன்பே வெனிசுவேலாவின் செல்வம் கொக்கோதான். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் கடலோரத் தோட்டங்களில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் உழைத்தார்கள். கராக்கஸில் உட்கார்ந்து அதில் கொழுத்தவர்களை ஊர் 'பெரிய கொக்கோக்கள்' என்று கேலி பேசியது. 1728இல் ஸ்பெயினின் பாஸ்க் நாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு அரசர் ஏகபோக வணிக உரிமை கொடுத்தார். அவர்கள் கொக்கோவுக்கு அடிமாட்டு விலை வைக்க, 1749இல் ஹுவான் பிரான்சிஸ்கோ தெ லியோன் என்ற கொக்கோத் தோட்ட முதலாளி தலைமையில் கலகமே வெடித்தது. அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1854இல்.

இன்றும் அராகுவா மாநிலக் கடற்கரையில் சுவாவோ என்ற கிராமம் இருக்கிறது. சாலை கிடையாது, படகில்தான் போக வேண்டும். அங்கே கொக்கோ விதைகளை மாதா கோவில் முற்றத்தில் வட்ட வட்டமாகப் பரப்பிக் காயவைக்கிறார்கள். பரப்புவதும் கூட்டுவதும் மழைத்தூறலைக் கண்டால் ஓடி வந்து அள்ளுவதும் பெண்கள். உலகத்தின் பெயர்பெற்ற சாக்லேட் கடைகள் அந்த முற்றத்து விதைக்குக் காத்திருக்கின்றன. பார்லோவென்தோ என்ற இன்னொரு கொக்கோப் பகுதியில் வாழைப்பழம், தேங்காய், வெல்லம் மூன்றையும் பிசைந்து இலையில் சுருட்டிச் சுடும் 'கஃபுங்கா' இருக்கிறது. ஜூன் 24 புனித யோவான் திருநாளில் அங்கே முரசு அடங்காது.

அடுத்தது அயாக்கா, சோள மாவுக்குள் கறிக்குழம்பு வைத்து வாழை இலையில் கட்டி வேகவைக்கும் கிறிஸ்துமஸ் பண்டம். உண்மையில் இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

டிசம்பர் வந்தால் வெனிசுவேலா வீடுகளில் வேறு பேச்சே இல்லை. என் பக்கத்து வீட்டில் ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு என்னைக் கூப்பிட்டுக் கையில் ஈரத்துணியைக் கொடுத்தார்கள். "மிஹோ, நீ இலை." அவ்வளவுதான் உத்தரவு. வாழை இலைகளை அனலில் வாட்டி, நரம்பு கழித்து, அளவாக வெட்டி அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றையும் இருபுறமும் துடைக்க வேண்டும். கிழிந்தது தனி, முழுசு தனி, நீளவாக்கில் மெல்லிசாக வெட்டியது தனி. கடைசியில் இடுப்பில் கட்டும் பட்டை அது. எனக்கு அடுத்து அவர் மகள்: சிவப்பு நிறம் தரும் ஒனோத்தோ விதையைக் காய்ச்சிய எண்ணெயை இலையில் தடவி, மாவு உருண்டையை வைத்து, இலை தெரிகிற அளவுக்கு மெல்லிசாகத் தட்டுவார். அவருக்கு அடுத்து அம்மா. மாடு, பன்றி, கோழி மூன்றும் முந்தின நாளே ஒன்றாகக் கொதித்துக் கெட்டியான குழம்பிலிருந்து ஒரு கரண்டி. அதற்கு மேல் அலங்காரம்: வெங்காய வளையம், குடைமிளகாய்க் கீற்று, ஆலிவ், உலர்திராட்சை, கேப்பர் மொட்டு. ஆலிவ் எண்ணி வைக்க வேண்டும். ஒருவருக்கு இரண்டு, இன்னொருவருக்கு ஒன்று என்றால் கிறிஸ்துமஸ் இரவில் சண்டை வரும் என்று பாட்டி கண்காணித்தார். கடைசியில் அப்பா: மடித்து, இன்னொரு இலையில் சுற்றி, பட்டை போட்டு, நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுவது அவர் வேலை. பின்னணியில் மாராக்காய்போவின் 'கைத்தா' பாட்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு நூற்றுப் பத்து அயாக்கா. மிச்ச மாவையும் மிச்சக் குழம்பையும் ஒன்றாகப் பிசைந்து 'போயோ' என்று சின்னதாகக் கட்டினார்கள். இலை துடைத்தவனுக்கு முதலில் கிடைத்தது அதுதான்.

இது கடையில் வாங்கி வந்ததில்லை, ஒருவர் தனியாகச் செய்யவும் முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை குடும்பத்தை ஒரே மேசையில் கட்டிவைக்கும் வேலை இது. 'சிறந்த அயாக்கா என் அம்மா செய்வது' என்ற வாக்கியத்தை மறுக்கிற வெனிசுவேலாக்காரரை நான் பார்த்ததில்லை. ஊருக்கு ஊர் மாறும்: ஆண்டீஸ் மலைப்பக்கம் கொண்டைக்கடலை சேர்ப்பார்கள், கறியையும் பச்சையாகவே வைத்துக் கட்டி நெடுநேரம் வேகவைப்பார்கள். கிழக்கே உருளையும் அவித்த முட்டையும். கராக்கஸில் பாதாம். 1959 முதல் 1964 வரை அதிபராக இருந்த ரோமுலோ பெத்தான்கூர், அயாக்காவைச் சொல்ல 'மூல்தீசாப்பிதா' என்று ஒரு சொல்லையே உருவாக்கிவிட்டார். நம் தமிழில் அச்சாகப் 'பல்சுவையது'.

இதற்கும் ஒரு தோற்றக் கதை உண்டு. எசமானர் மேசையில் மிஞ்சிய துண்டு துணுக்குகளை அடிமைகள் எடுத்து மாவில் பொதிந்து வேகவைத்தார்கள், அதுதான் அயாக்கா என்பது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆலிவும் கேப்பரும் உலர்திராட்சையும் கப்பல் கூலி கொடுத்து வந்த சரக்கு. மிஞ்சி எறிகிற பண்டமல்ல. இரண்டு நாள் வேலையும் எச்சில் சோற்றுக்கு யாரும் செய்யமாட்டார்கள். சோள மாவை இலையில் பொதிந்து அவிப்பதோ, மெக்சிகோவின் தமால் முதல் தெற்கு வரை ஸ்பெயின்காரர்களுக்கு முன்பே இருந்த முறை. பழைய பொதியலுக்குள் பணக்காரப் பண்டிகைக் குழம்பு நுழைந்தது என்று வைத்துக்கொள்வதுதான் பொருத்தமாகத் தெரிகிறது. மறுபடியும் அதேதான்: வந்தது உள்ளே, மாவு வெளியே.

கூடவே கிறிஸ்துமஸ் தட்டில் 'பான் தெ ஹமோன்' வரும். ஹாம், ஆலிவ், திராட்சை வைத்துச் சுருட்டிய கோதுமை ரொட்டி, 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கராக்கஸ் பேக்கரிகளில் பிறந்தது. பப்பாளிக்காயை வெல்லப் பாகில் ஊறவைத்த இனிப்பும் இருக்கும்.

மற்ற பகுதிகளைக் கொஞ்சம் வேகமாகத் தாண்டுகிறேன். மாராக்காய்போவில் வாழைக்காயைத் தட்டிப் பொரித்து ரொட்டிக்குப் பதில் வைத்துக்கொள்ளும் 'பத்தகோன்', தேங்காய்ப்பாலில் ஆட்டுக்கறி. மெரிதா மலையில் கோதுமை அரேப்பாவும், பால், உருளை, முட்டை, கொத்தமல்லி போட்ட 'பிஸ்கா' என்ற காலைச் சூப்பும். மர்கரீத்தா தீவில் குட்டிச் சுறாவை உதிர்த்து வைத்துப் பொரித்த சோள எம்பனாதா, நம் சோமாசி மாதிரி மடித்தது. யானோஸ் சமவெளியில் மாட்டைக் கம்பில் குத்தி நெருப்போரம் வாட்டுவார்கள். புனித வாரத்தில் அங்கே கபிபாராவை, அந்தப் பெரிய நீர்வாழ் எலியை, மீன் கணக்கில் சேர்த்துச் சாப்பிடுவார்கள். தண்ணீரில் நீந்துகிறதே! சாலையோரத்தில் எங்கேயும் பச்சைச் சோளத்தை அரைத்து ஊற்றிய 'கச்சாப்பா' கிடைக்கும். இனிப்பான அடை, நடுவில் கையகலத்துக்கு மெத்தென்ற வெள்ளைச் சீஸ், மடித்துக் கொடுப்பார்கள்.

நம் ஆட்களுக்கு வியப்பான ஒன்று, இவர்கள் சமையலில் பொதுவாகக் காரமில்லை. மிளகாய் பிறந்த கண்டத்தில் உட்கார்ந்துகொண்டு காரமில்லாத மிளகாயை வளர்த்து வைத்திருக்கிறார்கள். 'அஹி துல்சே', இனிப்பு மிளகாய். பார்க்கக் கொடுங்காரமான ஹபனேரோ மாதிரியே இருக்கும், அதே குடும்பம், வாசனையும் அதேதான். கடித்தால் நாக்கில் ஒன்றும் நடக்காது. வெங்காயம் பூண்டோடு இதை வதக்கினால் எழும் மணம்தான் வெனிசுவேலாச் சமையலறையின் அடையாளம். கேட்டியில் அந்த அம்மா இதைத் தொட்டியில் வளர்த்தார். குடைமிளகாய் போட்டுச் சமாளிக்கலாமா என்று கேட்டதற்கு, பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார்.

அமேசான் பக்கத்து அந்தக் காரச் சாற்றை விட்டால், காரம் தேடிக் கிழக்கே பாரியா தீபகற்பம் போக வேண்டும். அங்கேதான் நம் பக்கத்து வாடை வருகிறது. அங்குள்ள குய்ரியா ஊரிலும், தெற்கே தள்ளி இருக்கும் தங்கச் சுரங்க ஊரான எல் கயாவோவிலும் 'தல்கரி' என்று ஆட்டுக்கறி மசாலா ஒன்று உண்டு. கறிப்பொடி போட்டுச் செய்வது. சொல் வட இந்தியத் 'தர்க்காரி'. 1845 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் டிரினிடாட் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் கல்கத்தா துறைமுகம் வழியாகப் போன போஜ்புரி பேசுபவர்கள், சென்னைத் துறைமுகம் வழியாகத் தமிழரும் தெலுங்கரும் குறைந்த எண்ணிக்கையில். டிரினிடாடிலிருந்து பாரியா கண்ணுக்குத் தெரியும் தூரம். 19ஆம் நூற்றாண்டில் எல் கயாவோவில் தங்கம் கிடைத்தபோது தீவுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள், கலிப்சோ பாட்டும் வந்தது. தல்கரியும் அந்தத் தீவுத் தொடர்பின் மிச்சம்தான். டிசம்பர் அயாக்காவுக்கு இருக்கும் புகழ் இதற்கு இல்லை, கராக்கஸிலேயே பலருக்குத் தெரியாது.

எண்ணெய் வந்த பிறகு கதை வேறு. 1914இல் சுமாக்கே கிணறு, 1922இல் மாராக்காய்போ ஏரிக்கரையில் பீறிட்ட பாரோசோ கிணறு. பணம் புரண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகலிலிருந்து லட்சக்கணக்கில் குடியேறினார்கள். லசான்யா அங்கே 'பஸ்தீச்சோ' ஆகி ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடானது. மூலைக்கு மூலை போர்ச்சுகீசியர் பேக்கரி, அதில் ஹாம் அடைத்த 'கச்சீத்தோ' ரொட்டி. கல்யாண வீட்டில் சீஸ் துண்டை மாவில் சுற்றிப் பொரித்த 'தெக்கேன்யோ' வரவில்லை என்றால் விருந்தே நடக்கவில்லை என்று அர்த்தம். டின்னில் வரும் அமெரிக்கப் பன்றிப் பசையை அரேப்பாவில் தடவித் தின்று ஒரு தலைமுறையே வளர்ந்தது. அதுவும் உள்ளே போய்விட்டது, பாருங்கள்.

2015, 16 வாக்கில் மாவு தட்டுப்பாடு. பாக்கெட்டுக்காக விடிகாலையிலிருந்து வரிசை. வீடுகளில் மரவள்ளி, வாழைக்காய், பூசணி என்று எது கிடைத்ததோ அதை மசித்து அரேப்பா வடிவத்தில் தட்டினார்கள். எழுபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நாட்டை விட்டு வெளியேறினார்கள். இன்று போகோத்தா, லிமா, மாட்ரிட் என்று எந்த ஊர்த் தெருவிலும் அரேப்பா மணக்கிறதென்றால் அதற்குக் காரணம் அதுதான். எல்லோரும் தங்கள் புதாரேயையும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

வீட்டில் செய்து பார்க்க விரும்பினால் ஒரு எச்சரிக்கை. கடையில் 'கார்ன்ஃப்ளோர்' கேட்டால் ஸ்டார்ச்சைக் கொடுப்பார்கள், அது ஆகாது. வடநாட்டு மக்கா ரொட்டி மாவும் ஆகாது. நான் முதல் முறை அதில் முயன்றேன், கல்லில் போட்டதும் பாளம் பாளமாகப் பிளந்தது. முன்பே வேகவைத்து அரைத்த மாவுதான் வேண்டும். இரண்டு கப் மாவுக்கு ஏறக்குறைய இரண்டரைக் கப் வெதுவெதுப்பான தண்ணீர், உப்பு. தண்ணீரைப் பாத்திரத்தில் ஊற்றி மாவைத் தூவிக்கொண்டே பிசையுங்கள், மாறிச் செய்தால் கட்டி தட்டும். ஐந்து நிமிடம் விடுங்கள், மாவு தண்ணீரைக் குடித்துவிடும். உருட்டித் தட்டும்போது ஓரம் வெடித்தால் கையை நனைத்துத் தடவுங்கள். மிதமான சூட்டில் கல்லில் பக்கத்துக்கு ஆறேழு நிமிடம், பிறகு ஓவனிலோ மூடி போட்டோ கால் மணி நேரம். வெந்ததா என்று பார்க்க விரலால் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் டொக் டொக் என்று கேட்க வேண்டும்.

சைவக்காரர்கள் தோமினோ செய்யலாம்: கறுப்பு பீன்ஸை வெங்காயம், பூண்டு, சீரகத்தோடு கெட்டியாக வேகவைத்து, உப்பு பிடித்த வெள்ளைச் சீஸைத் துருவிப் போடுங்கள். கத்தியால் திறக்கும்போது முழு வட்டத்தையும் வெட்டிப் பிரித்துவிடாதீர்கள். ஒரு ஓரம் ஒட்டியே இருக்கட்டும், இல்லாவிட்டால் உள்ளே வைத்ததெல்லாம் மடியில் விழும்.